எல்லாத்துக்கும் சனீஸ்வரன் மேல பழியைப் போடாதீங்க!

 

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். முழுசா படிச்சிட்டு அப்புறம் ஏசுங்க.

நாங்கள் கோயிலில் பெரிய பதவியில் இருக்கிறவர்கள் இல்லை. அன்னதானத்துக்குக் காய் நறுக்குவோம், சட்டி பானை கழுவுவோம், திருவிழா வந்தால் கார் நிறுத்த இடம் காட்டுவோம். மற்ற நாட்களில் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. படிப்பு எஸ்.பி.எம். வரைக்கும்தான். டாக்டரும் இல்லை, ஜோசியரும் இல்லை. ஆனா தினமும் மனுஷங்களைப் பார்க்கிற வேலை. லைனில் நிற்கிற ஒருத்தன் முகத்தைப் பார்த்தாலே, இவன் ஒழுங்கா தூங்கி எத்தனை நாள் ஆச்சுன்னு சொல்லிடலாம். அதே முகங்களைக் கோயில் வாசலிலும் பார்க்கிறோம். அந்த முகங்களுக்கு நம்ம ஆட்கள் சொல்கிற பதிலைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

ஒருத்தர் வந்து, "மனசு சரியில்ல, ராத்திரி தூக்கம் வரல, நெஞ்சு படபடன்னு அடிக்குது, எதுலயும் பிடிப்பு இல்ல" என்கிறார். அவர் சொல்லி முடிக்கல, வரிசையா தீர்ப்பு வந்துடும். "உன் ராசி என்ன? அதான், ஏழரை நடக்குது." "யாரோ செஞ்சு வச்சிருக்காங்க." "குலதெய்வத்தை மறந்துட்ட." "கண்ணு பட்டிருக்கு." இது எதுவும் பொருந்தலைன்னா கடைசியா ஒன்னு இருக்கு: "நாங்க தோட்டத்துல படாத கஷ்டமா? எங்க காலத்துல ஸ்ட்ரெஸ்னு ஒரு வார்த்தையே தெரியாது."

வந்தவர் தலையாட்டிட்டுப் போயிடுறார். அடுத்த வாரம் வருவதில்லை. ஏன் வரலைன்னு கேட்க ஆள் இல்லை.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். மனம் நொந்து வருகிறவருக்குக் கோயில் வாசலில் தீர்ப்பு சொல்வதை நிறுத்துங்கள். காது கொடுத்துக் கேளுங்கள். தேவைப்பட்டால் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சாமி கும்பிடுவதை விடச் சொல்லி இங்கே யாரும் சொல்லவில்லை.

முதலில் இந்தச் சனிக் கணக்கையே பார்த்துடுவோம்.

சனி ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை வருஷம் இருப்பார். நம்ம ராசிக்கு முந்தின ராசி, நம்ம ராசி, அடுத்த ராசி, இந்த மூன்றையும் அவர் கடக்கிற காலம்தான் ஏழரை. அப்படின்னா எந்த நாளை எடுத்துக்கிட்டாலும் 12 ராசியில் 3 ராசிக்காரர்களுக்கு ஏழரை நடந்துகொண்டுதான் இருக்கும். அதோடு அஷ்டமச் சனி ஒரு ராசிக்கு, அர்த்தாஷ்டமச் சனி ஒரு ராசிக்கு, ஏழாம் இடத்துக் கண்டகச் சனி ஒரு ராசிக்கு. கூட்டிப் பாருங்க. 6 ராசி. சரியா பாதி.

ஆக, கோயிலுக்கு வருகிற யாரைக் காட்டி "உனக்குச் சனி சரியில்ல"ன்னு சொன்னாலும் பாதித் தடவை கணக்கு ஒத்துப்போகும். நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, சந்தோஷமாக இருக்கிறவர்களுக்கும் அதே சனிதான் நடக்கிறது. தொழிற்சாலையில் ஒரு சோதனைக் கருவி, நல்ல பொருள் கெட்ட பொருள் பார்க்காமல் பாதிக்குப் பாதி 'ரிஜெக்ட்' என்று காட்டினால், அந்தக் கருவியைத்தான் முதலில் கழற்றி ஓரமா வைப்போம். இங்கே அதை வைத்துத்தான் மனுஷனையே எடை போடுகிறோம்.

ஜாதகம் பார்க்கிறவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. நல்ல நேரம் பார்த்து வீடு குடி போங்கள், எள் தீபம் ஏற்றுங்கள், நவக்கிரகத்தைச் சுற்றுங்கள். ஆனா திருஞானசம்பந்தர் கோளறு பதிகத்தை எப்போது பாடினார் என்று ஞாபகம் வையுங்கள். மதுரைக்குக் கிளம்பும்போது, கோள்கள் சரியில்லை, இப்போது போகவேண்டாம் என்று அப்பர் பெருமானே தடுத்தார். சிவனை நெஞ்சில் வைத்த அடியாரைக் கோள்கள் ஒன்றும் செய்யாது என்று பாடிவிட்டு அவர் கிளம்பிப் போனார். நாம் அதே பதிகத்தைக் கோயிலுக்குள் கூட்டமாகப் பாடுகிறோம். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, பக்கத்தில் நிற்கிறவரைச் சனியைச் சொல்லிப் பயமுறுத்துகிறோம். இது என்ன பக்தி?

இப்படிச் சொல்லுகிற வார்த்தையால் என்ன ஆகும் என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கதை. 30 வயதுகூட ஆகல. ராத்திரி வேலை, 12 மணி நேரம். கார் கடன், தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடன், கிரெடிட் கார்டு. கடனைக் கட்ட ஓய்வு நாளிலும் ஓவர்டைம். பகலில் நாலு மணி நேரத் தூக்கம், அதுவும் பக்கத்து வீட்டுச் சத்தத்தில். ஆறேழு மாதத்தில் கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத அழுகை.

கோயில் வாசலில் ஒரு பெரியவர் "செஞ்சு வச்சிருக்காங்க" என்றார். தம்பி குறி கேட்கப் போனான். குறி சொன்னவர் "ரத்த சொந்தம், பொம்பள" என்றார். போதாதா? சின்னம்மா மேல சந்தேகம். அம்மாவும் சின்னம்மாவும் பேச்சை நிறுத்தினார்கள். பரிகாரத்துக்கு இன்னொரு கடன். ஏற்கெனவே கடனால் தூக்கம் போன பையனுக்குத் தூக்கம் வர வைக்க மேலும் கடன்!

கடைசியில் கூட வேலை செய்கிறவர் ஒருவர் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனார். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று கேட்டார், ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். மனச்சோர்வு, பதற்றம். மாத்திரை, ஆலோசனை, பகல் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கடிதம். ஒரே வாரத்தில் சரியாகல, பல மாதம் ஆச்சு. இப்போ நல்லா இருக்கான். ஆனா சின்னம்மா இன்னும் அந்த வீட்டுப் படி ஏறல. அதுக்கு எந்த கிளினிக்கில் மருந்து வாங்குவது?

இதில் செய்வினை எங்கே இருக்கு? கணக்குதான் இருக்கு. உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும்.

ஆபத்து என்று மூளை நினைத்ததும் உடம்பு அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற சுரப்பு நீர்களை ரத்தத்தில் விடுகிறது. இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலே மேலே வாங்கும், வயிறு கலங்கும், கை வியர்க்கும். புலியைக் கண்டால் ஓடுவதற்கு ஆண்டவன் கொடுத்த ஏற்பாடு இது. புலி போனதும் அடங்கிவிடும். ஆனா வங்கிக் கடிதமும், மேலாளர் ஏச்சும், ராத்திரி வேலையும் தினமும் வருகிற புலி. அலாரம் அணையவே அணையாது. அலாரம் நாள் முழுக்க அடிச்சா எந்த மெஷினும் சூடாகும். "நெஞ்சுல ஏதோ உட்கார்ந்திருக்கு" என்று நம்ம ஆட்கள் சொல்வது பல சமயம் இதுதான்.

தூக்கம் இன்னொன்று. 1997-இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஓர் ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருக்கிறவரைப் போல ஆகிவிடுகிறது. நம் நாட்டில் 2020-இல் சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு வண்டி ஓட்ட அனுமதிக்கிற எல்லையும் அதே அளவுதான். அதாவது, சரியாகத் தூங்காதவன் குடிக்காமலே குடித்தவன் மாதிரி. அந்த நிலையில்தான் பலர் வாழ்க்கையின் பெரிய முடிவுகளை எடுக்கிறார்கள். வேலையை விடுவது, பெண்டாட்டியைப் பிரிவது, அலோங்கிடம் கையெழுத்துப் போடுவது, எல்லாம் நடு ராத்திரி இரண்டு மணிக்கு.

தூக்கம் வர "ரெண்டு டின் அடிச்சா போதும்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பீர் கண்ணை மூட வைக்கும். ஆனா நடு ராத்திரியில் எழுப்பி விட்டுடும், ஆழ்ந்த தூக்கத்தைக் கெடுக்கும். காலையில் இன்னும் களைப்பு, இன்னும் எரிச்சல்.

இப்போ சிலர் கேட்பீங்க. "அப்பர் சாமிக்குச் சூலை நோயைச் சிவன்தானே தீர்த்தார்? திருவதிகையில் எந்த கிளினிக் இருந்துச்சு?"

நல்ல கேள்வி. அந்தக் கதையை முழுசா படிங்க. வலி தாங்காமல் அவர் தேடிப் போனது யாரை? அக்கா திலகவதியாரை. சமயம் மாறிப் போன தம்பி. அந்த அம்மா வாசலில் நிறுத்தி வைத்து, "நீ செஞ்ச பாவத்துக்குத்தான் இது" என்று கணக்குத் தீர்க்கவில்லை. திருநீறு கொடுத்து, கூடவே கோயிலுக்குள் அழைத்துப் போனார். அப்பருக்குச் சிவனருள் கிடைப்பதற்கு முன்னால் ஓர் அக்கா கிடைத்தார். நம்ம கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அந்த அக்கா எங்கே? ராசி கேட்கிற ஆள்தான் வாசலில் நிற்கிறார்.

சிவனுக்கே வைத்தீஸ்வரன் என்று வைத்தியர் பேர் வைத்த சமயம் நம்முடையது. மருந்து சாப்பிடுவது நம்பிக்கைக் குறைவு என்று எந்தத் திருமுறையும் சொல்லவில்லை. இனிப்பு நீருக்கு மாத்திரை போடுறோம், ரத்தக் கொதிப்புக்குப் போடுறோம். "சாமி பார்த்துக்குவார், மாத்திரை வேணாம்"னு யாரும் சொல்றதில்ல. மனசுக்கு மாத்திரை என்றால் மட்டும் "பைத்தியமா உனக்கு?" என்கிறோம்.

இது எங்கேயோ யாருக்கோ வருகிற நோய் என்று நினைக்காதீங்க. சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வில், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பது தெரிய வந்தது. சுமார் பத்து லட்சம் பேர். 2019-இல் அது 2.3 விழுக்காடு. நாலு வருஷத்தில் இரண்டு மடங்கு. நம்ம கோயிலில் வெள்ளிக்கிழமை பூசைக்கு 200 பெரியவர்கள் வந்தால், நாட்டுக் கணக்குப்படி அதில் 9 பேர் இருக்கலாம். பக்கத்தில் நின்று தீபாராதனையைத் தொட்டுக் கும்பிடுகிறவராகவும் இருக்கலாம்.

சிலர் அந்த எல்லையையும் தாண்டி, உயிரையே விட்டுடலாம் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். நம் நாட்டில் தற்கொலை முயற்சி குற்றம் என்று தண்டனைச் சட்டத்தில் இருந்த 309-ஆம் பிரிவை 2023-இல் நாடாளுமன்றம் நீக்கியது. அரசாங்கமே இது தண்டிக்க வேண்டிய விஷயம் இல்லை, உதவி செய்ய வேண்டிய விஷயம் என்று மாறிவிட்டது. நாம்தான் இன்னும் "தற்கொலை எண்ணம் வந்தாலே பாவம், ஆவியா அலைவே" என்று சொல்லி வாயை அடைக்கிறோம். வாயை அடைத்தால் எண்ணம் போகாது. ஒளிந்துகொள்ளும்.

ஒருத்தர் பேச்சில் சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள்: "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதுசா வந்துடாது. உலக சுகாதார நிறுவனமே இதைத்தான் சொல்கிறது. கேட்டால் பலருக்கு நிம்மதி. "ஆமா" என்றால் தனியாக விடாதீங்க. வீட்டில் நம்பிக்கையான ஆளைக் கூப்பிடுங்க, மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்க. பொங்கல் பானை கரிஞ்சாலும் பரவாயில்லை.

விரதம் இருக்கிறவர்களுக்கு முக்கியமான ஒன்று. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் என்று மனநல மாத்திரையைத் தானாக நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். "சுத்தமா இருக்கணும், மருந்தெல்லாம் வேணாம்" என்று தூண்டி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இது பெரிய ஆபத்து. இந்த மருந்துகள் வேலை செய்யவே சில வாரம் ஆகும். திடீர்னு நிறுத்தினா தலை சுற்றல், பதற்றம், பழைய நோய் திரும்புவது எல்லாம் வரும். விரதத்துக்கு முன்னால் டாக்டரிடம் போய், "நான் இத்தனை நாள் விரதம், ஒரு வேளைச் சாப்பாடு, எப்படிப் போடணும்?" என்று கேளுங்கள். மாத்திரையை நிறுத்திக் காவடி எடுத்தால்தான் முருகன் ஏற்றுக்கொள்வார் என்று யார் சொன்னது?

இன்னொரு கூட்டம் இருக்கு. தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் சூரியகாந்திப் பூப் படம் போட்டு, "எல்லாம் நன்மைக்கே, பாசிட்டிவா இருங்க" என்று அனுப்புகிறவர்கள். மனசு உடைஞ்சு கிடக்கிறவருக்குப் "பாசிட்டிவா இரு" என்பது, கால் முறிஞ்சவரை ஓடச் சொல்வது மாதிரி. படம் அனுப்புகிற நேரத்தில் ஒரு போன் அடிங்க. "பசியாறிட்டியா?"ன்னு கேளுங்க. அது போதும் ஆரம்பிக்க.

சரி, குறை மட்டும் சொல்றீங்களே, என்னதான் செய்யணும் என்று கேட்பவர்களுக்கு:

1. முதலில் தூக்கம். எந்தப் பரிகாரத்துக்கும் முன்னால் ஒரு வாரம் ஒழுங்காகத் தூங்கப் பாருங்க. ராத்திரி வேலைக்காரர்கள் ஜன்னலில் கறுப்புத் துணி போடுங்க, போனை வேறு அறையில் வைங்க, வேலை முடிகிற கடைசி மணி நேரங்களில் காப்பியை விடுங்க. ஓவர்டைமுக்கும் சட்டத்தில் எல்லை உண்டு, மாதம் 104 மணி நேரம். அந்த எல்லையை அடைவது சாதனை இல்லை.

2. பெரிய முடிவை ராத்திரியிலும், பசியிலும், கோபத்திலும் எடுக்காதீங்க. ஒரு தாளில் எழுதி வைங்க. காலையில் பசியாறிட்டுப் படிச்சுப் பாருங்க. அப்பவும் சரின்னு பட்டால், நம்பிக்கையான ஒருத்தரிடம் சொல்லிட்டுச் செய்யுங்க.

3. கவலையை இரண்டு பக்கமாகப் பிரிச்சு எழுதுங்க. நம்ம கையில் இருக்கிறது ஒரு பக்கம், கையில் இல்லாதது ஒரு பக்கம். கையில் இருப்பதில் சின்னதாக ஒன்றை இன்றைக்கே செய்யுங்க. ஒரு போன், ஒரு கடிதம். கையில் இல்லாததைத்தான் சாமியிடம் விட வேண்டும். இரண்டையும் சேர்த்து உண்டியலில் போட்டுட்டு வீட்டில் உட்காராதீங்க.

4. படபடப்பு வந்தால் மூச்சை மெதுவாக வெளியே விடுங்க. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கணும். அஞ்சு நிமிஷத்தில் இதயத் துடிப்பு இறங்கும். நிதானமா தேவாரம் பாடும்போது மனசு அடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நீட்டிப் பாடும்போது மூச்சு தானாக நீளமாகப் போகிறது.

5. கடன்தான் நோய் என்றால் கடனுக்கு மருந்து பாருங்க. பேங்க் நெகாரா 2006-இல் ஏற்படுத்திய ஏ.கே.பி.கே. இருக்கு. ஆலோசனைக்குக் காசு இல்லை. வங்கிக் கடன், கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் பார்த்து, கட்டக்கூடிய அளவுக்குத் திட்டம் போட்டுத் தருவார்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

6. இரண்டு வாரத்துக்கு மேல் மனசு இருட்டாகவே இருந்தால், அரசாங்க கிளினிக்குக்குப் போங்க. குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. தைராய்டு, ரத்தச் சோகை போன்றவைகூடக் களைப்பாகவும் மனச்சோர்வாகவும் தெரியலாம். அதை ராசிக் கட்டத்தில் பார்க்க முடியாது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

கோயில் நிர்வாகத்துக்கும் எங்கள் வேண்டுகோள் இருக்கு. மரியாதையாகத்தான் கேட்கிறோம், ஆனா ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்றும் கேட்போம். உபயக்காரர்கள் பேர் எழுத அவ்வளவு பெரிய பலகை இருக்கு. பக்கத்தில் ஒரு சின்னப் பலகையில் உதவி எண்களைப் போட எவ்வளவு செலவாகும்? வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், ஓரமாக இரண்டு நாற்காலி போட்டு, பேச வருகிறவரைக் கேட்க இரண்டு பேரை உட்கார வையுங்கள். ஓர் ஆண், ஒரு பெண். கேட்டதை வெளியே சொல்லாத ஆட்களாக இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை கிளினிக் தாதியையோ ஆலோசகரையோ கூப்பிட்டுத் தொண்டர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். ராஜகோபுரத்துக்குச் சாயம் பூசுகிற செலவில் இது ஒரு டப்பா சாயத்துக்குக்கூட வராது.

"கோயில் சாமி கும்பிடத்தான், இதெல்லாம் இங்கே எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு: கஷ்டம் வந்தால் நம்ம ஜனம் முதலில் ஓடி வருகிற இடம் கோயில்தான். டாக்டரிடம் போவதற்குப் பல மாதம் முன்னாலேயே இங்கே வந்து தூணில் சாய்ந்து அழுகிறார்கள். கிளினிக்கில் கிடைக்காத பல விஷயம் இங்கே இருக்கு. கூட்டம் இருக்கு, பஜனை இருக்கு, சாப்பாடு இருக்கு, பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கு. தொடர்ந்து வந்து ஒரு சின்ன வேலையைச் செய்துகொண்டிருந்தாலே பலருக்கு மனசு தெளியும். இவ்வளவு நல்ல இடத்தில் நாலு பேர் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களைப் பயமுறுத்தி அனுப்புவதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

இனிமேல் யாராவது "மனசு சரியில்ல" என்று சொன்னால், ராசி கேட்காதீங்க. "எத்தனை நாளா? தூங்குறியா? சாப்பிடுறியா? யார்கிட்டயாவது சொன்னியா?" இந்த நாலு கேள்வியைக் கேளுங்க. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து போய் சாமி கும்பிடுங்க. மறுநாள் கிளினிக்குக்கும் கூடவே போங்க.

எண்களை எழுதி வச்சுக்கோங்க. இலவசமாகக் காது கொடுத்துக் கேட்பவர்கள்:
பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர்: 03-7627 2929
சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண்: 15555
தாலியான் காசே: 15999

பிடித்தால் உங்கள் கோயில் குழுவில் பகிருங்கள். பிடிக்காவிட்டாலும் எண்களை மட்டுமாவது பகிருங்கள். யாருக்கு எப்போ தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது.

திருச்சிற்றம்பலம்.